கண்ணை மூடிப் பார்த்த கார்ட்டூன்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் வெளிநாட்டிலிருந்து விண்வெளிக் கார்ட்டூன் தொடர் ஒன்றை ரீல் ரீலாகக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சம்மதித்தார். கிறிஸ்தவக் குடும்பங்கள் பார்க்கத் தகுந்ததா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார் எங்கள் போதகர். அவரை நாங்கள் ஐயர் என்போம். உடனே ஒரு கமிட்டி: ஐயர், ஓய்வுநாள் பள்ளித் தலைமை ஆசிரியை, பெண்கள் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான். சனிக்கிழமை மதியம் பார்த்துவிட்டு நாங்கள் வேண்டாம் என்றால் அன்று மாலையே ரீல் பெட்டி ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறிச் சென்னையிலுள்ள விஞ்ஞானியின் நண்பர் வீட்டுக்குப் போய்விடும்.

என் ஒன்பது வயது மகளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. முந்தைய ஞாயிறுதான், ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்தாள் என்று அவளைத் தொடையில் கிள்ளியிருந்தேன். இப்போது படமும் இல்லையென்றால் என்னோடு பேசவே மாட்டாள். எப்படியாவது பாஸ் ஆக வேண்டுமே என்றிருந்தது எனக்கு.

குடியிருப்பின் மனமகிழ் மன்றத்து ஹாலில் புரொஜக்டர் ஓட்டியவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர், முன்பு டூரிங் டாக்கீஸில் இருந்தவர். ஸ்பீக்கர் ரிப்பேர், படம் மட்டும்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஐயர் எழுந்து, ஜெபித்துவிட்டு ஆரம்பிப்போம் என்றார். மூவரும் கண்களை மூடினோம்.

டூரிங் டாக்கீஸில் திரைக்குச் சூடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே படம் ஓடத் தொடங்கிவிடும். இதுவும் அந்த வகைதான் என்று எண்ணி, மனிதர் விளக்கை அணைத்து ரீலை ஓடவிட்டார். புரொஜக்டர் கடகடத்தது. ஐயரோ ஆரம்பித்த ஜெபத்தைப் பாதியில் நிறுத்துகிற ரகமில்லை. சபை, நோயாளிகள், மழை, அணு உலை, அரசாங்கம் என்று ஒரு சுற்று போய்வந்து ஆமென் சொன்னபோது வெள்ளைத் திரைதான் மிச்சம்.

"அவ்ளோதாங்க, முட்ஞ்சிபோச்சு," என்றார் ஆபரேட்டர்.

இன்னொரு முறை ஓட்ட நேரமில்லை. ஐந்து மணிக்கு ஹாலில் ஷட்டில் ஆட்டம், பஸ்ஸும் ஐந்துக்கு. பார்க்காத படத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தலைமை ஆசிரியை கேட்டார். உண்மையில் நான் பார்த்திருந்தேன், இடது கண்ணால், முக்கால்வாசி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகளைக் கிள்ளிய நான் அதை எந்த வாயால் சொல்வேன்? கடைசியில், அந்த ஹாலில் கண் திறந்திருந்த ஒரே ஆத்மா ஆபரேட்டர்தான் என்று முடிவாகி, ஐயர் தன் கேள்வித்தாளை அவரிடமே வாசித்தார்.

மந்திரவாதம் உண்டா? இல்லையாம். குடி? தண்ணீர்கூட யாரும் குடிக்கவில்லையாம். உடை கண்ணியமாக இருந்ததா?

"கழுத்துலேர்ந்து காலு வரிக்கும் மூடிகினு கீறாங்க சார். மூஞ்சிக்கே கண்ணாடிக் குண்டான் கவுத்துகினு கீறாங்க."

கதை? நட்சத்திரத்திலிருந்து வந்த பச்சை ஆசாமியின் கப்பல் கவிழ்ந்துவிட, அவனோடு சண்டை போட்டவர்களே போய்த் தூக்கிவந்தார்களாம். எங்கள் கரையிலும் அதுதான் வழக்கம், எவ்வளவு பகை இருந்தாலும் படகு கவிழ்ந்தால் போயாக வேண்டும் என்றார் ஆபரேட்டர். ஐயர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டார்.

"அந்தப் பச்ச ஆளுக்கு நாலு கையி சார்," என்றார் ஆபரேட்டர்.

"ஆறு," என்றார் தலைமை ஆசிரியை. சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஐயர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எட்டு, டீச்சர். ரெண்டு கையை முதுகுக்குப் பின்னால கட்டியிருந்துது."

அதன் பிறகு விவாதமே எழவில்லை. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று ஐயர் எழுதினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூவரும் கையெழுத்திட்டோம்.

வெளியே காத்திருந்த மகளிடம் பாஸ் என்றேன். அவள் குதித்த குதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு முன் ஜெபம். பாதியில் மெல்ல அவள் பக்கம் பார்த்தேன். கண் திறந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை நான் கிள்ளவில்லை.