பலாப்பழத்தைத் திருட ஆளில்லை

ஒரு பலாப்பழத்தைத் திருடுவதற்கு ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள். கேரளத்தில், பழவங்காடிப் பக்கம் ஒரு மாடியில், இரண்டே அறைகளில் நடந்த சின்ன நிறுவனம் ஒன்றில், குழந்தைகளுக்கான கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதையும் வசனமும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்துப் பயிற்சி, கூட்டல் கழித்தல், மிருகங்களின் பெயர் என்று சி.டி. போட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விற்பார்கள். கம்ப்யூட்டரை வாங்கி, பூப்போட்ட துணியால் மூடி, அறையைப் பூட்டி வைத்திருந்த பள்ளிக்கூடங்கள் அப்போது ஊருக்குள் நிறைய. பூட்டைத் திறக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நாங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பறியும் விளையாட்டு ஒன்று செய்யலாம் என்று முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஒரு பொருள் காணாமல் போகும். விளையாடுகிற பிள்ளை வீடெல்லாம் தேடித் தடயம் சேர்க்க வேண்டும், எல்லோரிடமும் பேச வேண்டும். மூன்று தடயம் கையில் இல்லாமல் யார் பெயரையும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு யோசிக்க வரும், அவசரப்படாமல் இருக்க வரும் என்றெல்லாம் விளக்கினேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

உண்மைக் காரணம் என் மகள். கணவருக்கு மாற்றலாகி நாகர்கோவிலிலிருந்து வந்த வருடம் அவளை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். நான் கல்லூரிப் படிப்பை இங்கே முடித்தவள், எனக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். அவளுக்கு மலையாளம் புரியும், வாயில் சரியாக நிற்காது. அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அப்பா கல்ஃபிலிருந்து பென்சில் பெட்டி கொண்டுவந்திருந்தார். பொத்தானை அமுக்கினால் ஒரு பக்கம் ரப்பர் வெளியே வரும், மறுபக்கம் ஷார்ப்னர். ஒருநாள் அதைக் காணோம். வகுப்பு டீச்சர் சோதித்தது ஒரே ஒரு பையைத்தான், என் மகளின் பையை. அதில் ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே பாண்டி என்று ஒரு பட்டம் உண்டு. இடைவேளையில் "பாண்டி எடுத்தே" என்று சுற்றி நின்று பாடியிருக்கிறார்கள். சில நாள் கழித்துப் பெட்டி பள்ளி வேனில், சீட்டுக்கு அடியில் கிடைத்தது.

நான் போய் டீச்சரைப் பார்த்தேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் இந்தப் பிள்ளை எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"பெட்டி கிட்டியல்லோ. இனி எந்தினா அது பறயுன்னது?" என்று சிரித்தார். பெட்டிதான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அந்தப் பேச்சு என்கிறார். நான் மன்னிப்பா கேட்கச் சொன்னேன்? ஒரு வரி. அதற்கு அவருக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கொதித்தால் கணவர், "விடு. பெரிசாக்காத, கேட்டியா. நாளைக்கும் பிள்ளைய அங்கதான அனுப்பணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் இன்னும் எரிச்சல். மகள் அதற்குப் பிறகு வகுப்பில் வாயே திறப்பதில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

அந்த ஆத்திரத்தில் எழுதியது அந்த விளையாட்டு. ஒரு வீட்டின் பின்பக்கம் பழுத்திருந்த பலாப்பழம் காணாமல் போகிறது. பழைய இரும்பு, பேப்பர் சாமான்களை இங்கே ஆக்ரி என்பார்கள். அதை எடுக்கச் சாக்கோடு வருகிற தமிழ்நாட்டுப் பெண்மேல்தான் அக்கம்பக்கமெல்லாம் பழி போடுகிறது. பிள்ளை விசாரிக்கத் தொடங்குகிறது. பலாப்பழம் வெட்டினால் கையில் பிசின் ஒட்டும், தேங்காயெண்ணெய் தடவாமல் அது போகாது. ஆக்ரிக்காரியின் சாக்கில் பிசின் இல்லை, எண்ணெய்க்கு அவள் எங்கே போவாள். வீட்டுக்குள்ளோ, வெட்டுக்கத்தியின் பிடியெல்லாம் எண்ணெய், எண்ணெய்ப் பாட்டில் பாதி காலி, பிள்ளைக்குச் செல்லமான மாமாவின் கட்டிலுக்கு அடியில் பலாக்கொட்டை. மாமா தன் சீட்டாட்டக் கூட்டாளிகளோடு சேர்ந்து பழத்தைத் தீர்த்திருப்பார். கடைசிக் காட்சியில் பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய், அக்கம்பக்கம் எல்லாம் கேட்க, ஆக்ரிக்காரியிடம் "அக்கா, நீங்க எடுக்கலை" என்று சொல்லும். எனக்கு விளையாட்டே அந்த வரிக்காகத்தான்.

படம் வரைகிறவர் தந்த பிரதிகளை வெட்டி அட்டையில் ஒட்டி, வீட்டுத் தரையில் பரப்பி மகளை விளையாட வைத்தேன். மலையாளத்தில் எழுதியதை அவளுக்குத் தமிழில் வாசிப்பேன். மாமாவைப் பிடித்ததும் அவளுக்குச் சிரிப்பு. ஆனால் திரும்பத் திரும்ப எடுத்தது கடைசி அட்டையைத்தான். "நான் சொல்றேன்" என்று எழுந்து நின்று, முழுக் குரலில், "அக்கா, நீங்க எடுக்கலை" என்பாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இது கம்ப்யூட்டர்ல வந்தா எங்க மிஸ்ஸும் பாப்பாங்களாம்மா?"

"பாப்பாங்க மக்ளே."

"பிள்ளைங்க?"

"எல்லாரும்."

அதற்குப் பிறகுதான் ஆலோசனைக் கூட்டம். முதலாளி, படம் வரைகிறவர், ஆலோசகராக வைத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நான். தலைமையாசிரியர் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்தம் அம்மாவனெ சம்சயிக்கான் குட்டிகளெ படிப்பிக்கணோ?" என்றார். சொந்த மாமாவைச் சந்தேகப்படப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்பது கேள்வி. மாமா போனார். பக்கத்து வீட்டுக்காரரை வைக்கலாம் என்றேன். நெற்றியில் சந்தனம் இருந்தால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும், கழுத்தில் சிலுவை இருந்தால் இன்னொரு கூட்டம், ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து வரும் என்றார் முதலாளி. ஆட்டோ ஓட்டுகிறவரைச் சொன்னேன். முதலாளிக்கு முகமே வெளுத்துவிட்டது. என்னிடம் பேசும்போது அவர் கொஞ்சம் தமிழும் கலந்துகொள்வார். "மேடம், ஓட்டோக்காரனெ கள்ளனாக்கினா யூனியன் வரும். பின்னே நம்ம ஷட்டர் தாழ்த்திட்டு வீட்டுக்குப் போகாம்." பால்காரருக்குச் சொசைட்டி இருந்தது. போலீஸ்காரரை நான் சொல்லவே இல்லை. நாய் என்றார் படம் வரைகிறவர். நாய் பலாப்பழம் தின்னுமா, ஒரு தர்க்கம் வேண்டாமா என்று தலைமையாசிரியர் கோபித்துக்கொண்டார். வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. கேரளத்தில் திருடனே கிடையாதோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் ஒருநாள் முதலாளி மலர்ந்த முகத்தோடு வந்தார். "மேடம், நம்ம ஆக்ரிக்காரி இருக்கில்லே? படமும் வரச்சாச்சு. அவளையே கள்ளியாக்கிடாம். அவளுக்காயிட்டு ஆரும் சோதிக்கான் வரில்ல."

அவளுக்காகக் கேட்க யாரும் வரமாட்டார்கள். சொல்லும்போது அவரிடம் ஒரு கெடுதல் எண்ணமும் இல்லை, கணக்குப் பார்த்துச் சொன்னார். மற்ற இருவருக்கும் மூச்சு வந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவ எடுக்கலை சார்" என்றேன்.

"கதையல்லே மேடம்." வெறும் கதைதானே என்கிறார்.

"கதைலயும் எடுக்கலை. அவ எடுத்தான்னு வந்தா நான் நாளைலருந்து வரலை."

என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அந்த அறையில் தமிழ்நாட்டுக்காரி நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அய்யோ, மேடத்தெ உத்தேசிச்சு பறஞ்ஞதல்ல" என்று எழுந்தே விட்டார், என்னை மனதில் வைத்துச் சொல்லவில்லையாம். டீ வரவழைத்தார். டீ குடித்தபடியே வழியும் கண்டுபிடித்தார்கள். பழம் தானாகக் காம்பு விட்டு விழுந்து, சரிவில் உருண்டு, கீழே ஓடைக்குள் போய்விட்டது. யாரும் எடுக்கவில்லை. யாருக்கும் வருத்தமில்லை, யாரும் ஷட்டரைத் தாழ்த்த வேண்டாம். எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

கள்ளனே இல்லாதபோது கடைசிக் காட்சி எதற்கு என்று அதை வெட்டிவிட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் ஆக்ரிக்காரியைப் பழி சொல்கிற வசனங்கள் அப்படியே நின்றன. அவற்றை முன்பே ஒலிப்பதிவு செய்திருந்தோம். பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கிற சத்தம் மைக்கில் விழாமல் அந்த மாடியில் பதிவு செய்வது பெரிய வேலை. மறுபடி அந்த வேலைக்கு முதலாளி தயாரில்லை. ஊர் கூடி அவளைத் திருடி என்று சொல்லும், இல்லை என்று சொல்ல மட்டும் ஆளிருக்காது. இதை விளக்கி விளக்கி என் தொண்டை வற்றியது. ஒரே ஒரு வரி சார், நானே பேசித் தருகிறேன் என்றேன். "அடுத்த வெர்ஷன்ல நோக்காம் மேடம்" என்றார். ஒரு வரியைக் கேட்டு நான் அலைவது இது இரண்டாவது இடம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

மகள் தினமும் கேட்பாள், அந்த இடம் வந்துவிட்டதா என்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன் மக்ளே என்பேன். சி.டி. அச்சாகி வந்த நாள்வரை அப்படித்தான் சொன்னேன். வந்தபின், அந்த இடம் இல்லை என்று சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலையாட்டினாள்.

பிறகு அவள் பள்ளிக்கூடத்திலேயே போட்டுக் காட்ட ஏற்பாடானது. முதலாளியின் யோசனைதான், எனக்குப் பழக்கமான இடமாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குள் போனோம். அவள் வகுப்பையே கொண்டுவந்து தரையில் உட்கார வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை நாற்காலியில், வகுப்பு டீச்சர் பக்கத்தில். "மேடத்தின்டெ மோள் தன்னெ களிக்கட்டே" என்று முதலாளி அவளைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் விளையாட உட்கார வைத்தார்.

அவள் மளமளவென்று விளையாடினாள். பக்கத்து வீட்டுக்காரர்களின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. அவளாகத்தான் இருக்கும், அவளல்லாமல் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத் தரையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசியில் பழம் உருண்டது, ஓடையில் விழுந்தது. இசை, திரை முழுக்கப் பூமாரி, பாராட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தரையும் குற்றம் சொல்லாத நல்ல கதை என்று தலைமையாசிரியை முதலாளியிடம் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டீச்சர் குனிந்து, "அப்போ ஆரா மோளே எடுத்தது?" என்று கேட்டார்.

"ஆரும் எடுத்தில்ல மிஸ்" என்றாள் மகள். முழுக் குரல். தலையாட்டவில்லை. பிறகு மவுஸைப் பிடித்து, விழுந்துகொண்டிருந்த பூக்களுக்கு இடையிலேயே அம்புக்குறியை வாசல்பக்கம் கொண்டுபோனாள். அங்கே ஆக்ரிக்காரி சாக்கோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அந்த விளையாட்டில் யாரைத் தொட்டாலும் அவர்கள் பேசுவார்கள். ஆக்ரிக்காரிக்கு இருந்தது ஒரே வசனம். அதற்குத் தமிழ் நாக்கு வேண்டும் என்று என்னையே பேச வைத்திருந்தார்கள்.

"நான் எடுக்கலைம்மா" என்று என் குரல் அந்த அறையில் கேட்டது. பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள்.

அவள் மறுபடி அமுக்கினாள். "நான் எடுக்கலைம்மா." பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. மறுபடியும் அமுக்கினாள். சத்தத்தைக் குறையுங்கள் என்று முதலாளி யாரையோ பார்த்துக் கைகாட்டினார். "மதி மோளே, மதி", போதும் போதும் என்று டீச்சர் மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். மகள் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரையைப் பார்க்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தபடியே இன்னொரு முறை அமுக்கினாள்.