கடைமடைக்காரர் படித்த உத்தரவுகள்

மற்ற வீட்டு ஆண்கள் திருப்பூரிலிருந்து வேலை முடிந்து வரும்போது போண்டாவோ பால்கோவாவோ கட்டிக்கொண்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் தாளோடு வருவார். வாய்க்கால் தண்ணீர் பற்றி அரசாங்கம் போட்ட உத்தரவின் நகல். கை கால் கழுவிய கையோடு அதை எனக்கு வாசித்தும் காட்டுவார். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பொங்கலூருக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம், அதில் மக்காச்சோளம். வாய்க்கால் தண்ணீர் மேலே இருக்கிற தோட்டங்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால்தான் எங்களிடம் வரும். கடைமடை என்று சொல்வார்கள். அந்தத் தண்ணீரும் வருஷம் முழுக்க வராது. எந்தப் பகுதிக்கு எப்போது திறப்பது, எத்தனை நாள் விட்டு எத்தனை நாள் நிறுத்துவது, என்ன பயிர் வைக்கலாம் என்பதெல்லாம் அணையின் இருப்பைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வார்கள். போன தடவை சரியாக இருந்தது இந்தத் தடவை தப்பாகிவிடும்.

இதில் அவருக்குக் கைகொடுத்தது கம்பெனிப் பழக்கம்தான். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சட்டையின் அளவை மாற்றிப் புதுத் தாள் அனுப்பினால், பழைய தாளைக் கட்டிங் டேபிளிலேயே கிழித்துவிட வேண்டும். கிழிக்காமல் விட்டால் எவனாவது ஒருவன் அதைப் பார்த்து ஒரு லாட் துணியையே வெட்டித் தொலைப்பான். வீட்டிலும் அதே கதைதான். புது உத்தரவு வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் பழையதைக் கிழித்து என்னிடம் தருவார். அடுப்புப் பற்றவைக்க எனக்குத் தாளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மழை பொய்த்துப்போன அந்த வருஷங்களில்தான் அவர் அருமை, ஒரே மடையில் தண்ணீர் பாய்ச்சுகிற எங்கள் மடைக்காரர்களுக்குத் தெரிந்தது. ஒரு தடவை, காயப்போகிற பயிருக்கு உயிர்த் தண்ணீர் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்ததாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுத்து, நிறுத்தின வாய்க்காலை மறுபடி ஒரு நனைப்புக்குத் திறக்க வைத்தார். அன்றைக்கு எங்கள் காட்டுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது, பொங்கல் வைத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. மடைக்கு அவரையே பொறுப்பாளராகப் போட்டார்கள்.

அவரை மதிக்காத ஒரே ஆள் என் அண்ணன். அதே மடையில் எங்களுக்கு மேலே அண்ணனுக்குத் தென்னந்தோப்பு. மாப்பிள்ளை கவர்ன்மெண்டையே வீட்டில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற நாளில் கரைமேல் ஒரு ஹோஸை மாட்டித் தன் கிணற்றுக்குள் விட்டுக்கொள்வார். தலைமடையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். அண்ணன் எப்போதாவது பிடிபட்டால் அபராதம் கட்டுவார், மறுநாள் ஹோஸ் மறுபடி ஏறிவிடும். அவர் கிணறு நிறைய நிறைய எங்கள் சோளம் வாடும். அண்ணன் என்பதால் நான் வாயைத் திறந்ததில்லை.

ஒரு சுற்றுத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் புது உத்தரவு வந்தது. தண்ணீர் திருடுகிற கிணற்றுக்கு இனி அபராதம் கிடையாது, நேராகக் கரண்ட்டைத் துண்டிப்பார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்த அன்றே என்னையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு மொபெட்டை விட்டார். முழுசாக வாசித்தும் காட்டினார். அண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, அபராதம் எவ்வளவு கேட்டாலும் கட்டிக்கொள்ளலாம் என்றார். கட்டுவதற்கு இதில் இடமே இல்லை என்று இவர் எத்தனை சொல்லியும் ஏறவில்லை. பழைய தாளை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஆளை என்ன செய்வது? நீங்களே அந்த ஹோஸைக் கழற்றி எறிந்துவிடுங்கள் என்று திரும்பும்போது சொன்னேன். அது உங்கண்ணன் கையால் கழல வேண்டியது என்றார்.

தண்ணீர் திறந்ததும் அதிகாரிகள் வந்தார்கள், கூடவே லைன்மேனும். பொறுப்பாளர் என்று இவரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு கிணறுகளில் ஒயரைக் கழற்றிவிட்டு அண்ணன் தோப்புக்கு வந்தபோது, ஹோஸ் கிணற்றுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. இது யார் கிணறு என்று கேட்டார்கள். கூட நின்றவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். என் மச்சான் கிணறு என்று இவர்தான் சொன்னார். லைன்மேன் கம்பத்தில் ஏறினார்.

அண்ணி போன் செய்தார். "உங்க ஊட்டுக்காரரு வாயத் தொறக்காம இருந்திருக்கலாமில்ல கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். பிறந்த வீட்டு வாசலையே எனக்கு அடைத்துவிட்டீர்கள், ஒரு வார்த்தை தெரியாது என்று சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"முன்னால ரெண்டு பேருக்கு ஒயரக் கழட்டறப்ப நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். உங்கண்ணன் தோப்புக்கு வந்ததும் வாய மூடிக்கிட்டா, அப்பறம் நான் இதையெல்லாம் எதுக்குப் படிக்கோணும்?"

கோபம் மட்டும் அடங்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தண்ணீர் நின்ற தென்னையில் குரும்பைப் பிஞ்சுகள் கொட்ட ஆரம்பித்தன. இன்னும் கொஞ்ச நாள் போனால் தோப்பே போய்விடும் என்று கேள்விப்பட்டேன். அந்த உத்தரவில் இன்னொரு பாகமும் இருந்தது. இனிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, அதே மடைக்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால் இணைப்பைத் திரும்பத் தரலாம். ஷிப்மெண்ட் நெருக்குகிற வாரம், கம்பெனியில் லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. இவர் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அண்ணன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. இவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, உள்ளே கேட்கிற மாதிரி அந்தப் பாகத்தை வாசித்தார். ரொம்ப நேரம் கழித்து அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஜாமீனுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பாசன ஆபீஸில் இவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த வரியை அண்ணனுக்குக் கேட்கச் சத்தமாகப் படித்தார். மறுபடி திருட்டு நடந்தால் ஜாமீன் போட்டவருடைய தண்ணீர் முறையும் ரத்து.

அவரை ஓரமாக இழுத்து, "மறுபடியும் மாட்டுனாருன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"நம்ம சோளம் காஞ்சு போகும்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போடறீங்க?"

"உங்கண்ணன்தான புள்ள."

எழுத்தில் இல்லாத எதையும் நம்பாத மனுஷன். போட்டுவிட்டார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். நன்றிகூடச் சொல்லத் தெரியாத ஆளுக்காக நிலத்தைப் பணயம் வைத்துவிட்டாரே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

கரண்ட் வந்த அன்று சாயங்காலம் அண்ணன் ஒரு டெம்போவில் எங்கள் வாசலுக்கு வந்தார். வேட்டி முழுக்கச் சேறு. பின்னாலிருந்து மண் அப்பிய பைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார்.

"இது ஒன்னு வாய்க்காக் கரைக்கு அடியில நம்ம கெணத்துக்குப் போட்டுக் கெடந்துச்சுங்க மாப்ள. அதிகாரிக கண்ணுல படல. எங்கப்பா பதிச்சது."

என் பிறந்த வீட்டுக் கிணறு எந்தப் பஞ்சத்திலும் வற்றாத ராசிக் கிணறு என்று புகுந்த வீட்டில் பெருமை பேசியே காலம் தள்ளியவள் நான். தலை நிமிர முடியவில்லை. இவர் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, பைப்புகளைச் சுவரோரமாக எடுத்து வைத்தார். அண்ணனும் கூடக் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.