குடிக்காமலே பீருக்கு மார்க் போட்ட மூன்று மாதம்

அடுத்தவர் குடித்துவிட்டு எழுதியதைப் படித்து, அது பாராட்டா குறையா என்று டிக் போடுவதும் ஒரு தொழில்தான். நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, கண் எரிய கழுத்து வலிக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிற ஜீவன் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்குச் சொந்தம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கணும்.

என் பெயர் கவிதா. வயது பதினெட்டு. பிளஸ் டூ முடித்ததும், இனி கிளாஸ் ரூமில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கறம்பக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். அவர் சத்தம் போடவில்லை, ஒப்பந்தம் போட்டார். மூன்று மாதத்துக்குள் ஏதாவது ஒரு வேலையில் நிரந்தரமாக வேண்டும். ஆகாவிட்டால் வாயைத் திறக்காமல் டீச்சர் டிரெய்னிங்கில் சேர வேண்டும். விண்ணப்பத்தை அன்றைக்கே வாங்கிவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் சீரியல் பார்க்கும்போதெல்லாம் அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

புதுக்கோட்டையில் ஒரு உரக்கடை மாடியில் வேலை கிடைத்தது. ஏழு பேர், ஏழு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஃபேன் ஒழுங்காகச் சுற்றும். இங்கேயும் மூன்று மாதம் டிரையல். கடைசி வாரம் மார்க் தொண்ணூறுக்குக் கீழே போனால் நிரந்தரம் கிடையாது.

தகுதி

முதல் நாள் டீம் லீடர் பாஸ்கர் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஆலைகள் ஜெர்மனிக்காரன் பக்குவத்தில் பீர் காய்ச்சுகின்றன. அதைக் குடித்தவர்கள் ஒரு ஆப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நாங்கள் அதைப் படித்து, பாராட்டா குறையா, என்ன சுவை, ஜெர்மன் பீரோடு ஒப்பிட்டிருக்கிறாரா என்று டிக் போட வேண்டும். அவர் எத்தனை ஸ்டார் கொடுத்தார் என்பதை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். எழுத்தை வைத்தே கண்டுபிடிக்கணும்.

எனக்கு பீரைப் பற்றி ஒன்றும் தெரியாது, குடிக்கவும் இருபத்தொரு வயசு ஆகணும், அதனால் வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று எழுந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "உக்காரும்மா. போன தடவை குடிக்கிறவனா ரெண்டு பேரை எடுத்தேன், அவங்க சொந்தக் கருத்து சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்.

வாழைப்பழம்

பீர்களின் ஜெர்மன் பெயர்கள் சுவரில் ஒட்டியிருந்தன. ஒன்றையும் வாயில் நுழைக்க முடியவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்: கோதுமை பீர், கறுப்பு பீர், உப்பு பீர், புகை பீர். இதில் கோதுமை பீரைக் குடித்த அத்தனை பேரும் வாழைப்பழ வாசம், கிராம்பு வாசம் என்றே எழுதினார்கள். உள்ளே வாழைப்பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது, எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை என்று சுவரில் போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் எதற்கு டிக் போடணும்?

குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி அக்காவிடம் கேட்டேன். அவர் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவர், எதற்கும் அசர மாட்டார். மறுநாள் இரண்டு பூவன் பழமும், ஒரு பொட்டலத்தில் கிராம்பும் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸில் பிசைந்து, கிராம்பைத் தட்டிப்போட்டு, மூடி வைத்து, சாப்பாட்டு நேரத்தில் திறந்தோம். ஏழு பேரும் வரிசையாக மோந்து பார்த்தோம். நல்ல வாசம், உண்மையாகவே நல்ல வாசம். எனக்கு அந்த அமெரிக்காக்காரர்கள் மேல் அன்றைக்குத்தான் ஒரு மரியாதை வந்தது. கடைசியாக மோந்த செல்வி அக்கா மூடியைச் சாத்திவிட்டு, "பல்லுவலிக்காரன் பழனிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குடி" என்றார்.

நிபுணர்

உரக்கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டும் மாரிமுத்து அண்ணன் பீர் குடிப்பவர் என்று ஊருக்கே தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். மாடிப்படியில் நின்றபடி ஒன்றை வாசித்துக் காட்டினேன். கறுப்பு பீர் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தது: பார்க்க டிகாஷன் மாதிரி இருக்கிறது, வாயில் வைத்தால் லேசாக இறங்குகிறது, ஓரத்தில் கருக வறுத்த ரொட்டி, ஜெர்மனியில் குடித்ததைவிடக் கசப்பு ஒரு பிடி கூட, ஆனால் அந்தக் கசப்பும் அழகாகத்தான் இருக்கிறது.

அண்ணன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். நீங்கள் குடிப்பதில் இதெல்லாம் தெரியுமா அண்ணே என்றேன். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "நமக்குத் தெரிஞ்சது ரெண்டே வகைதாம்மா, கூலிங்கா இருக்கிறது ஒண்ணு, கூலிங்கா இல்லாதது ஒண்ணு" என்றார்.

உப்பு, புளிப்பு, மல்லி

இரண்டாவது மாதம் உப்பு பீர் வந்தது. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை, மூன்றும் போட்டுக் காய்ச்சுவதாம். இதைப் படித்ததும் மீமிசல்காரரான ஜெரோம் அண்ணன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்களில் அவர்தான் ரொம்ப நிதானமாக வேலை பார்ப்பவர். அவரே வேலையை நிறுத்தினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த உப்பு பீரை வைத்துத்தான் அங்கே பெரிய சண்டை. ஜெர்மனியில் உப்பு தெரிந்தும் தெரியாமலும் இருக்குமாம், அமெரிக்காவில் சிலர் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிடுகிறார்களாம். வெளியூர் ஹோட்டலில் முட்டை மாஸ் சாப்பிட்டுவிட்டு ‘எங்க புதுக்கோட்டை மாதிரி வராது’ என்று நாம் அடித்துக்கொள்வோமே, அதே சண்டைதான். படிக்கப் படிக்க எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போனது. ஜெரோம் அண்ணன் மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. "புளி, உப்பு, மல்லி. ஏங்க, ரசத்தைப் பாட்டில்ல ஊத்தி வித்துக்கிட்டு இருக்காங்க, நாம பாட்டுக்கு டிக் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

வீட்டுக்கு வந்த மாமா

ஒரு ஞாயிற்றுக்கிழமை துபாயிலிருந்து லீவில் வந்த மாமா வீட்டுக்கு வந்தார். கூடவே அத்தையும் அத்தையின் அம்மாவும். பிள்ளை என்ன வேலை பார்க்குது என்று கேட்டார்கள். "கம்ப்யூட்டர்ல" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள், "பீர்" என்று நான் சொல்லிவிட்டேன். கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் விளக்கமாகவும் சொன்னேன். கோதுமை பீரில் வாழைப்பழ வாசம் எப்படி வருகிறது என்பதுவரை சொன்னேன். மாமா மட்டும் ரொம்ப ஆர்வமாகக் கேட்டார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவரும் ஆர்வத்தை நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் போனதும் அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ஊருல எல்லாரும் பிள்ளை பொய் சொல்லுதுன்னு அழுவாங்க, நான் ஒருத்திதான் இது ஒரு பொய்யாவது சொல்லாதான்னு அழணும் போல" என்றார்.

நாய்க்காரர்

எழுதுகிறவர்களின் பெயரை எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். ஆனால் மூன்று மாதம் படித்தால் ஆள் தெரிந்துவிடும். ஒருவர் இருந்தார், எந்த பீரைப் பற்றி எழுதினாலும் அவருடைய நாயைப் பற்றி ஒரு வரி எழுதுவார். இதைத் திறந்ததும் நாய் எழுந்து வந்தது. இதற்கு நாய் திரும்பியே பார்க்கவில்லை. அமெரிக்க பாட்டில் ஒன்று, ஜெர்மன் பாட்டில் ஒன்று என்று வாங்கிவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி ஒரு வாய் குடித்து ஒப்பிடுவார். நுரை எவ்வளவு நேரம் நின்றது என்றுகூட எழுதுவார். இவ்வளவு பொறுமையாக நான் பரீட்சைகூட எழுதினதில்லை.

நாய்க்காரர் எழுதியது யார் ஸ்கிரீனில் வந்தாலும், அந்த ஸ்கிரீன்காரர் மற்றவர்களைக் கூப்பிடுவார், நாங்கள் எழுந்துபோய்ப் படிப்போம். இரண்டு வாரம் அவரைக் காணவில்லை என்றபோது நிஜமாகவே எல்லோருக்கும் கவலை. மூன்றாவது வாரம் வந்தார். செல்வி அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, "மனுசன் நல்லாருக்கான். நாய்க்குத்தான் ஒடம்பு சரியில்லையாம், இப்ப தேவலையாம்" என்றார்.

நூற்றுக்கு நூறு

டிரையல் முடிய ஆறு நாள் இருக்கும்போது புகை பீர் வந்தது. தானியத்தை விறகுப் புகையில் காயவைத்துக் காய்ச்சுகிற பீர். எழுதியவர்கள் எல்லோரும் புகை வாசம், விறகு வாசம், கருகின வாசம் என்றே எழுதியிருந்தார்கள். எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நம் வீட்டில் பாலில் புகை வாசம் அடித்தால் என்ன நடக்கும்? சாம்பாரில் அடித்தால்? அடுப்புப் பக்கம் நின்றவருக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். புகை என்று வந்த அத்தனையிலும் ‘குறை’ என்று டிக் போட்டோம்.

எங்கள் வேலையைச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்லணும். ஒரே எழுத்தை மூன்று பேரிடம் கொடுப்பார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி டிக் போட்டால் முழு மார்க். புகை பீருக்கு ஏழு பேருக்கும் நூற்றுக்கு நூறு. ஆபீஸ் ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒன்று நடந்ததே இல்லை. பாஸ்கர் சார் எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தந்தார். நான் நிரந்தரமாகிவிட்டேன் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். ஜெரோம் அண்ணன் பஜ்ஜியை உடைத்துக்கொண்டே, "எங்க வீட்டுக் கருவாட்டுல புகை ஏறுச்சுன்னா அம்மா தூக்கி எறிஞ்சிரும், இவங்க காசு கொடுத்துக் குடிச்சிட்டுப் பாவம் பொலம்புறாங்க" என்றார்.

நாய் நகரவில்லை

மறுநாள் காலையில் முதலில் திறந்ததே நாய்க்காரர் எழுதியது. புகை பீர். கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் நெருப்பு மூட்டின மாதிரி வாசம், ஜெர்மன் பாட்டிலைவிட இதில் புகை கொஞ்சம் மட்டு, நாய் பாட்டிலை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது, நாளைக்கு இன்னும் ஆறு வாங்கப் போகிறேன். இதை இரண்டு தடவை படித்தேன். குறை சொல்கிறவன் எதற்கு இன்னும் ஆறு வாங்குகிறான்?

முந்தின நாள் போட்டதையெல்லாம் திறந்து பார்த்தேன். திரும்பத் திரும்ப வாங்குவேன் என்கிறார் ஒருவர், தம்பிக்கு வாங்கி அனுப்பினேன் என்கிறார் இன்னொருவர். புகை என்ற சொல்லைப் பார்த்ததோடு நாங்கள் படிப்பதை நிறுத்திவிட்டோம். ஏழு பேரும் ஒரே மாதிரி அடுப்படியில் வளர்ந்தவர்கள், அதனால் ஏழு பேரும் ஒரே மாதிரி தப்பு செய்திருக்கிறோம். மெஷின் அதற்கு நூறு மார்க் போட்டிருக்கிறது.

பாஸ்கர் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒருதரம் படித்தார், புரிந்துகொண்டார், அது முகத்தில் தெரிந்தது. கதவைப் பார்த்துவிட்டு மெதுவாக, "கவிதா, நீ சொல்றது சரிதான். அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம்மா, இந்த வாரம் உன் டிரையல் முடியுதுல்ல" என்றார்.

சந்தேகப் பெட்டி

அவர் எனக்காகத்தான் சொன்னார். அதனாலேயே ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். எனக்கு அதற்குமேல் முடியாது. அமெரிக்காவுக்குச் சந்தேகம் கேட்க ஸ்கிரீனில் ஒரு பெட்டி உண்டு; அதில், ‘புகை பீர் எல்லாவற்றிலும் நாங்கள் தப்பாக டிக் போட்டிருக்கிறோம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பியதை எல்லோரிடமும் சொல்லியும்விட்டேன். மொத்தமும் திரும்பி வந்தது. ஏழு பேருக்கும் மார்க் இறங்கியது. எனக்கு அறுபத்தொன்று. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை, ஆனால் யாரும் எனக்குச் சாப்பாட்டில் பங்கும் தரவில்லை.

வெள்ளிக்கிழமை அமெரிக்காவிலிருந்து லிண்டா மேடம் வீடியோவில் வந்தார். இந்த வேலையை எங்களுக்குத் தருபவர் அவர்தான். எல்லோரும் எப்படி ஒன்றுபோலத் தப்பு செய்தீர்கள் என்று கேட்டார். பாஸ்கர் சார் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, எங்கள் வீட்டில் சாப்பாட்டில் புகை வாசம் வந்தால் சமைத்தவரைத் திட்டுவோம் மேடம் என்றேன். அவர் சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார். இது மாதிரி வேறு எதெல்லாம் நம்ம ஊரில் குறை, அவர்கள் ஊரில் பாராட்டு என்று ஒரு பட்டியல் எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். மார்க்கை மட்டும் மாற்ற முடியாதாம், விதி விதிதானாம். டிரையல் ஒரு மாதம் நீட்டிப்பு. வீடியோ கால் முடிந்ததும் செல்வி அக்கா தன் டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளி, "தின்னு. பட்டியல்ல புளிச்ச மாவை மறக்காமப் போடு" என்றார்.

ஒப்பந்தம்

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நேராகச் சொன்னேன். நிரந்தரம் ஆகவில்லை, ஒரு மாதம் நீட்டித்திருக்கிறார்கள், ஒப்பந்தப்படி நான் தோற்றுவிட்டேன். ஏன் என்று கேட்டார். புகையிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். நாயைக்கூட விடவில்லை. அப்பா டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்துபோய் அந்த விண்ணப்பத்தை எடுத்தார். பேனாவும் கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், ஆடிக்கொண்டிருந்த டீப்பாய் காலுக்கு அடியில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. "இருவத்திரெண்டு வருசமா பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்கேன், தான் போட்ட மார்க்கு தப்புன்னு தானே வந்து சொன்ன ஒரு வாத்தியாரை நான் பார்த்ததில்ல. ஒனக்கு அந்த வேலை சரிப்படாது, நீ அங்கிட்டே இரு" என்றார்.

ஆகமொத்தம், பீர் குடிக்கிற வயசு வர எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதற்குள் எந்த பீர் எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே டிக் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் வழக்கம்போல மோர்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.