நயினார் கடை முன்னால் வட்டங்கள்

மாப்பிள்ளையூரணியில் என் தையல் கடைக்கு நேரெதிரே நயினார் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. என் பெயர் கிருபை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையைச் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அண்ணாச்சிக்குப் பேச ஆள் வேண்டும். உப்பு வாங்க வந்தவளிடம் மகனின் பரீட்சை, மாமியாரின் மூட்டுவலி எல்லாம் விசாரித்து முடித்து, உப்பைக் கொடுக்க மறந்து அனுப்பிவிடுவார். அவள் திரும்பி வந்தால் இன்னொரு ரவுண்டு பேச்சு. மனைவி போன பிறகு கடைதான் அவருக்கு எல்லாம். படுக்கையும் கடைக்குப் பின்னாலேயே.

கொரோனா இரண்டாவது அலையில் ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. வாசலில் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன்பிறகு தெருவே எதிர்ச்சாரியில் ஒதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடந்தது. கடல்காற்று பட்டால் தகரம் படபடவென்று அடிக்கும். உள்ளே யாரோ தட்டுவது மாதிரியே இருக்கும். நான் தையல் மிஷினை வேகமாக மிதித்து அந்தச் சத்தத்தை அமுக்கப் பார்ப்பேன்.

ஆனால் மனுசன் பிழைத்து வந்தார். பின்சந்து வழியாக ஆட்டோவில் வந்து இறங்கியபோது என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். ஆக்சிஜன் வைப்பதற்காக அந்தப் பெரிய மீசையை எடுத்துவிட்டார்கள். குரலும் போய், காற்றுதான் வந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சண்முகப்ரியா போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஆடி பிறக்கிற வரைக்கும் பாருங்கப்பா. ஆள் வரலைன்னா கடையை ஏறக்கட்டிட்டு எங்கூட வந்துரணும்." சரியென்று தலையாட்டியவர், போனை வைத்ததும் என்னைப் பார்த்தார். "அந்த அபார்ட்மெண்ட்ல நான் யாருட்டளா பேசுவேன்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கடைகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது. தகரத்தை எடுத்தார்கள். அண்ணாச்சி பினாயில் ஊற்றிக் கழுவினார், வாசலில் வாளியும் சோப்பும் வைத்தார், இடைவெளி விட்டு நிற்பதற்குச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். "நான் பிழைச்சு வந்தது ஊருக்குத் தெரியணும், பயப்படாம வரணும்லா" என்று பேனர் அடிக்கிற ரெக்சன் கடையில் ஒரு பிளெக்ஸும் சொன்னார்.

ரெக்சன் அந்த இரண்டு மாதமும் கண்ணீர் அஞ்சலி தவிர வேறு எதுவும் அடிக்கவில்லை. பாவம், அவன் கை பழகிப்போய்விட்டது. அதே நீல மேகம், அதே ரோஜாப்பூ ஓரம், இரண்டு மூலையிலும் எரிகிற விளக்கு. நடுவில் முட்டை வடிவத்துக்குள் அண்ணாச்சி, மகள் கல்யாணத்தில் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்ற போட்டோ. கீழே எழுத்தெல்லாம் சரிதான். 'கடை சுத்தம் செய்யப்பட்டுள்ளது. முகக்கவசம் அணிந்து வட்டத்தில் நிற்கவும். அன்புடன், நயினார்.' ஆனால் மேகத்தையும் விளக்கையும் கும்பிட்ட கையையும் கண்டபிறகு அன்றைக்கு யார் எழுத்தைப் படித்தார்கள்? படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தோம்.

மறுநாள் காலையில் நான் கடை திறந்தால், எதிரே வட்டங்களில் ஆட்கள்! ஸ்தோத்திரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. நயினார் கடை வாசலில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் முகத்தை மூடி, தலையைக் குனிந்து நிற்கிறார்கள். பிளெக்ஸுக்கு யாரோ மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். முதல் வட்டத்தில் யாரும் நிற்கவில்லை. அதில் ஒரு வாழைப்பழம், அதில் குத்திய ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். உள்ளே அண்ணாச்சி மாஸ்க்கும் தொப்பியும் கண்ணாடித் தடுப்புமாக, கையில் பருப்புப் பொட்டலத்தோடு விறைத்து நிற்கிறார். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சொல்கிறாள். "உங்க அண்ணன் தங்கமான மனுசன். இப்படிப் போவாகன்னு யாரு நினைச்சா?"

அவருக்கு மும்பையில் ஒரு தம்பி உண்டு என்று ஊருக்குத் தெரியும். தம்பியைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. மீசை இல்லாமல் மாஸ்க்குக்குள் நின்றவரை அந்தத் தம்பி என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் பிடித்துக்கொண்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணாச்சி? உயிரோட இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சத்தம் போடாதளா. சீக்கு வந்தவன் போய்ட்டான்னுதான் இவ்வளவு பேரும் வாராங்க. நான்தான்னு தெரிஞ்சா ஒரு ஆள் வரமாட்டான்."

நான் தெருவைக் கடந்து என் தையல் மிஷினுக்கே திரும்பினேன்.

அப்படியே ஓடியது. அவர் யாரிடமும் எதுவும் விசாரிப்பதில்லை. மூட்டுவலியைப் பற்றிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. ஆகவே உப்பு கேட்டவளுக்கு உப்பு கிடைத்தது, அவ்வளவுதான். ஆள் வந்தார்கள், பேச்சு வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, வாடின மாலையை எடுத்துவிட்டு, படத்தின் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நல்ல மனுசன், என்ன?" என்றார். சிரிக்கவில்லை. வாங்க வந்த நூல்கண்டை வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன்.

ஆடி பிறப்பதற்குள் சண்முகப்ரியா வந்துவிட்டாள். ஆட்டோவில் இறங்கி வரிசையைப் பார்த்ததும் அவள் கண்ணில் சந்தோஷம். முன்னால் நின்ற அற்புதமணி டீச்சரிடம், "அப்பா எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

டீச்சர் குடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "ஒனக்கு யாரும் சொல்லலையாம்மா?" என்று கையை மேலே காட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாலை, விளக்கு, கும்பிட்ட கை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

அண்ணாச்சியின் கை மாஸ்க்குக்குப் போனது, நின்றது. வரிசையை ஒருதரம் பார்த்தார். பிறகு மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தார். "ஏளா பிரியா, அப்பா இங்கன இருக்கேன்ளா!"

"அப்பா!" என்றாள் அவள்.

யாரும் ஓடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எல்லாரும் ஒன்றுபோல ஒரு வட்டம் பின்னால் போனார்கள், இன்னும் ஒரு வட்டம் போனார்கள். அத்தனை கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. கல்லாவுக்குக் கீழே, பலகை மறைத்த இடத்தில். பேய்க்குக் கால் கிடையாதே. உண்மையைச் சொல்கிறேன், நானும் அங்கேதான் பார்த்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டினார். ஊதுபத்திச் சாம்பலை மிதித்துக்கொண்டு அந்த முதல் வட்டத்துக்குள் வெறுங்காலோடு நின்றார்.

"பாருங்க. கால் இருக்கு. காய்ச்சல் போயிருச்சு. நயினார்தான்."

டீச்சர் மெதுவாக முன்னால் வந்து, தள்ளி நின்றபடியே குடையின் முனையால் அவர் கால் விரலில் ஒரு குத்து குத்தினார்.

"ஆ!"

"வலிக்குதா?"

"வலிக்குது டீச்சர்."

"அப்ப நான் அழுது அழுது வாங்கிட்டுப் போன உளுந்துல வண்டு கெடக்கு. மாத்திக் குடுங்க." சொல்லும்போதே டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

பாதிப் பேர் போனார்கள். அதில் சிலர் திரும்பி வரவே இல்லை. மிச்சப் பேர் நின்றார்கள். அன்று அண்ணாச்சி ஒவ்வொருவரிடமும் மாமியார் வரைக்கும் விசாரித்ததில் வரிசை மத்தியானம் ஆகியும் முடியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த சண்முகப்ரியா தனியாகத்தான் கோயம்புத்தூருக்குத் திரும்பினாள்.

பிளெக்ஸை அன்றே இறக்கியாயிற்று. வேறு போர்டு எதுவும் அவர் வைக்கவில்லை. காலையில் கடை திறந்ததும் வெளியே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, முதல் வட்டத்தில் சற்று நேரம் நிற்பார். மழை அழித்தால் மறுபடி சுண்ணாம்பு போடுவார். சீக்கெல்லாம் போய், ஊரில் மற்ற வட்டங்கள் எல்லாம் அழிந்த பிறகும் இது மட்டும் இருக்கிறது.

நானும் தினமும் எதிரே நின்று, "என்ன அண்ணாச்சி" என்று கேட்பதற்கு முன்னால் அவர் காலைத்தான் பார்க்கிறேன். அவருக்கும் அது தெரியும். பெருவிரலை ஆட்டிக் காட்டுவார்.