அம்மா திருத்திய கட்டுரை

புளித்த ரப்பர் பாலின் வாடையையும் அப்போதுதான் சுட்டெடுத்த அதிரசத்தின் வெல்ல மணத்தையும் ஒன்றாக முகர்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். நான் முகர்ந்திருக்கிறேன், அதுவும் ஒரே வாளியில். கோலா சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், மலாயாவின் அவசரகாலத்தில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியுமுன், என் அம்மா அதிரசங்களை வாழையிலையில் பொதிந்து பால் வாளியின் அடியில் வைத்து, மேலே அழுக்குத் துணியைத் திணித்து மூடினார். பண்டிகைப் பலகாரத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏன் ஒளிக்க வேண்டும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அப்போது எங்கள் லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் 'பெரட்டு' கூடி, பேர் கூப்பிட்டு முடிந்ததும், மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போகிறவர்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடியும். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக்கூடாது; காட்டில் மறைந்து வெள்ளைக்காரரோடு போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சர்க்காருக்குப் பயம். அகப்பட்டால் ஜெயில்தான்.

அம்மாவின் அதிரசம் போனது காட்டுக்கல்ல, பக்கத்து 'நிரை'யில், அதாவது அடுத்த மர வரிசையில், மரம் வெட்டிய ஒரு சீனப் பெண்ணுக்கு. அவரை நாங்கள் 'ஆசோ' என்போம். முன்பெல்லாம் தோட்டத்து ஓரத்தில் குடிசை போட்டு, கீரை பயிரிட்டு, வாத்து வளர்த்துக்கொண்டிருந்தவர்; பண்டிகை என்றால் எங்கள் தட்டு அவர் வீட்டுக்குப் போகும், அவர் தட்டு எங்கள் வீட்டுக்கு வரும். அவசரகாலம் வந்ததும் அந்தக் குடிசைக்காரர்களை லோரியில் ஏற்றிக்கொண்டுபோய், இன்னொரு முள்கம்பி வேலிக்குள் புதுக் கம்பம் என்ற புதுக் குடியிருப்பில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து தினமும் அவரும் சோதனை கொடுத்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருவார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'தங்கச்சி'. அம்மாவுக்குத் தெரிந்த மலாய் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மணிக்கணக்கில் எப்படிப் பேசினார்கள் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எங்கள் வாத்தியார் ஒரு போட்டியை அறிவித்தார். வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. பிற இனத்தாரோடு பகைமையில்லாமல் வாழ்வது எப்படி என்று கட்டுரை எழுத வேண்டும். முதல் பரிசு ஒரு மைப்பேனா. "புத்தகத்துல பாத்து எழுதாதீங்க. ஒங்க வீட்டுல நடந்தத எழுதுங்க, அதுதான் நிக்கும்" என்றார் அவர். நான் அப்படியே செய்தேன். வாளி, வாழையிலை, அழுக்குத் துணி, சோதனைக்காரி கிட்டே வராமலிருக்க அம்மா இருமிக்கொண்டே நின்றதாகச் சொன்னது என்று ஒன்றையும் விடவில்லை. அம்மாவின் பெயரையும் முழுசாக, அழகாக எழுதியிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாத்தியார் எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். பேனா எனக்குத்தான் என்று நான் துள்ளிக்கொண்டு ஓடினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. தாளை அம்மா கையில் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"லூர்தம்மா, ஒங்க மக எழுதுனதுல ஒரு வார்த்தகூடத் தப்பில்ல. அதான் பயமா இருக்கு. இது மேல போனா ஒங்களத் தேடி ஜீப்பு வரும்."

அம்மாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அதுவும் என் கையெழுத்தைப் பார்த்து என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் போனபின் அம்மா அடுப்பங்கரைக்குப் போனார். தாளை உடனே நெருப்பில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "படி ரோசா, கேப்போம்" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

விம்மிக்கொண்டே படித்தேன். அவர் இருமிய இடம் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாமதான் குடுத்தோம்னு எழுதியிருக்கே. அவ குடுத்தது எங்க?"

"அவங்க என்னம்மா குடுத்தாங்க?"

"போன வாரம் சோத்துல வெச்சேனே உப்பு முட்ட, உப்புல ஊறப்போட்ட வாத்து முட்ட, அது என்ன கடையில வாங்குனதா? தலத்துணியில முடிஞ்சுகிட்டு வந்தா. மாட்டியிருந்தா அவளுந்தானே ஜெயிலு? அத எழுதாம என்னா கட்டுர இது? எழுதுலா."

எரிக்கப்போகும் தாளில் எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அம்மாவின் முகம் அப்படி இருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். திரும்ப முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டார். "ம்ம், இப்ப சரி" என்று சொல்லி, தாளை வாங்கித் தடவிக்கொடுத்துவிட்டு அடுப்பில் வைத்தார். நான் அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதேன். பேனாவுக்காகவா, அம்மா தப்பித்ததற்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

போட்டிக்கு வேறொன்று எழுதினேன். ஒரே தோட்டத்தில் பல நிறப் பூக்கள், ஒரு கையில் ஐந்து விரல்கள் என்று போகும். அதற்குப் பேனாவும் கிடைத்தது. அதையும் அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல யாரும் ஒண்ணும் திங்கலியே" என்றார். அடுத்த பண்டிகைக்கும் வாளி கனமாகத்தான் போயிற்று.

இப்போது அந்த வேலிகள் இல்லை. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. ஆசோவும் அம்மாவும் மரம் வெட்டிய நிரைகள் எந்த வீட்டுக்கு அடியில் இருக்கின்றனவோ தெரியாது. சென்ற மாதம் இளையோர் எழுத்துப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருக்கக் கேட்டார்கள். இனவெறியை வெல்வது பற்றி. பிள்ளைகள் பிழையில்லாமல், அக்கறையோடு எழுதியிருந்தார்கள். நாங்கள் உதவினோம், நாங்கள் கொடுத்தோம், நாங்கள் மன்னித்தோம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. மதிப்பெண் போடாமல் முதல் தாளிலிருந்து மறுபடி படித்தேன். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு தாளிலும் நான் தேடியது, அடுப்பில் எரிந்துபோன அந்த ஒரு வரியைத்தான்: 'ஆசோ எங்களுக்கு உப்பு முட்டை கொடுத்தார். நாங்கள் சாப்பிட்டோம்.'