தாண்டிப் பாடிய தலம்

மாவடியில் உறையும் பெருமானே, உமையைப் பிரித்தறியாத உன் திருமேனியே இவ்வெழுத்துக்குக் காப்பாகட்டும்.

இன்று பங்குனி உத்திரம். கச்சி நகரில் திருக்கல்யாண நாள். வீதியெல்லாம் மகிழ்ந்திருக்க, நான் தலைகுனிந்து எழுதுகிறேன்.

வடமாவட்டங்களைத் தனி மாநிலமாக்கக் கோரும் ஓர் இயக்கத்தின் நகரச் செயலாளன் நான். கோயிலில் திருமுறை ஓதுபவன் என்பதாலேயே என்னை அழைத்தார்கள். பாலாறு வறண்டு கிடக்க, நம் குறையைக் கேட்பார் இல்லை என்ற வருத்தம் எனக்கும் மெய்யாகவே இருந்தது.

பொறுப்போடு சால்வைகளும் வந்தன. ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் எழுந்து இடம் கொடுத்தார்கள். மக்கள் என்னிடம் கேட்டதோ தெருவிளக்கும் முதியோர் பணமும்தான். மாநிலத்தைப் பற்றிக் கேட்டவர் ஒருவரே: என்னுடன் ஓதும் நண்பர், பட்டு நெய்பவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர்.

“தனி மாநிலம் வந்தா எங்க தெரு குழாயில தண்ணி வருமாண்ணா?”

“வரும்பா.”

“அப்ப சீக்கிரம் வாங்குங்கண்ணா. குடத்த வெச்சுக்கினு ஊட்டுக்காரி நிக்கிது.”

எங்கள் வழிபாட்டுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களை வரிசை மாறாமல், தலத்துக்கு ஒரு பாடலாகப் பாடுவோம். நான் முதற்குரல், அவர் இரண்டாம் குரல். முதற்குரல் ஒன்றை மறந்தால், இரண்டாம் குரல் முகம் திருப்பாமல் அதை எடுத்துக் கொடுக்கும். கேட்பவருக்குத் தவறே தெரியாது. என் மறதியை அவர் அப்படித்தான் பல ஆண்டுகளாக மூடி வந்தார்.

சென்ற தை மாதப் பொதுக்கூட்டத்தை இந்த ஓதலோடு தொடங்கச் சொன்னார்கள். மேடைக்குப் பின்னால் மாவட்டத் தலைவர் என் காதோரம் வந்தார்.

“ஐயா, காளத்தி மட்டும் வேணாம். அது ஆந்திராவுல இருக்குது, நம்ம மேப்புல இல்ல. பசங்க கலாய்ப்பானுங்க.”

சரி என்றேன். நண்பரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

திருக்கள்ளில் என்னும் தலத்தின் பாடல் முடிந்தது. காளத்தியைத் தாண்டி ஒற்றியூரைத் தொடங்கினேன். நான் மறந்துவிட்டதாகவே நண்பர் எண்ணினார். வழக்கப்படி, கண்மூடியபடியே காளத்திப் பாடலை எடுத்தார்.

“யோவ் பெருசு, அது ஆந்திராயா!”

“பஸ் ஏத்தி உடுங்கடா அவர!”

கூட்டம் சிரித்தது. அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். விட்டவன் நான், அவர் பாடுவதே முறை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானோ அவருடைய மைக்கைக் கையால் மூடி, ஒற்றியூரை உரக்கப் பாடினேன். கைதட்டினார்கள். அந்த ஒலி அப்போது எனக்கு இனிக்கவும் செய்தது.

படியிறங்கும்போது அவர் சொன்னார்: “மறந்துட்டீங்கன்னு நெனச்சிக்கினு எடுத்தேண்ணா. மறக்கலன்னு தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்.”

அதன்பின் பிரதோஷங்களுக்கு அவர் வரவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தினூடே குரல் கேட்டது. என் பங்கையும் தன் பங்கையும் அவரே பாடிக்கொண்டிருந்தார். காளத்தி வந்தது. எதிர்ச்சுவரில் என் படம் போட்ட சுவரொட்டி சிரித்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

பொறுப்பை விடுவதாக நேற்று மாவட்டத் தலைவரிடம் சொன்னேன். “இன்னா ஐயா, ஒரு பாட்டுக்காகவா?” என்று சிரித்தார். ஆம், ஒரு பாட்டுக்காகத்தான் என்றேன். விலகியதால் நெஞ்சின் பாரம் குறைந்துவிடவில்லை.

இன்று சன்னிதியில் தனியே நின்று ஓதினேன். கள்ளிலுக்குப் பின் காளத்தியைத் தொடங்கினேன். இரண்டாம் அடியில் நா தடுமாறியது. பழக்கத்தால், எடுத்துக் கொடுக்கும் குரலுக்காகக் காத்து நின்றேன். பின்னால் நின்றவர்கள் பாட்டு முடிந்ததென்று நினைத்துக் கற்பூரத்தைத் தொட்டு வணங்கிக் கலைந்தார்கள்.

இதைப் படிக்கும் யாவரும் நலமே பெறுக. உங்கள் மறதியை மூடும் குரல் ஒன்று என்றும் உங்கள் அருகே இருக்கட்டும். அக்குரலை மூடும் கை உங்களுக்கு அமையாதிருக்கட்டும்.