ஷிபா ஏற்றி இறக்கிய குரல்

11.2.2006 — மோட்டார் ஃபேடர் உள்ள பழைய மிக்சர் — ரூ. 1,35,000
20.4.2006 — மாதா பாட்டு எட்டு, ஒலிப்பதிவு — ரூ. 22,000
20.4.2006 — கோரஸ், ஷிபா — ரூ. 500
25.2.2012 — அதே பாட்டுகள், பாடகர் மாற்றம் — ரூ. 6,000

தக்கலையில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த ததேயுஸுக்கு அந்த மிக்சரைப் பற்றிப் பெருமை உண்டு. குரலின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தள்ளுகிற கட்டைதான் ஃபேடர். ‘எழுது’ என்னும் ‘ரைட்’டில் போட்டுத் தள்ளினால் முன்பு பதிந்தது அழிந்து, கை போன போக்கை மிக்சர் பதிந்துகொள்ளும். ‘வாசி’ என்னும் ‘ரீட்’டில் போட்டால் தொட ஆளில்லாமலே கட்டை அதே போக்கில் போகும்.

“மாதாவே, பேயில்லா கட்டயத் தள்ளுது!” என்றாள் கோரஸ் பாட வந்த ஷிபா.

பாட்டுகளைப் பாடியவன் அவள் கோயில் பங்கைச் சேர்ந்த சிஜோ. நல்ல குரல், ஆனால் வரிக்கடைசியில் மூச்சுத் தீர்ந்து சொல் அமுங்கிவிடும். ததேயுஸ் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கை பிந்தியது.

“நீங்க தள்ளி இருங்க. இவன் எங்க மூச்சு விடுவான்னு எனக்குத் தெரியும். பத்து வருசம் பக்கத்துல நின்னு பாடுனவளாக்கும்.”

நான்கு மாலைகள் அவள் விரல், ‘ரைட்’டில் போட்ட ஆறாம் ஃபேடரில், சிஜோ குரலின் கட்டையில், இருந்தது. நான்காம் நாள் ததேயுஸ் ஒன்று சொல்ல நினைத்திருந்தான். அதற்குள் அவளே சொன்னாள்: “ஜூன்ல மடத்துக்குப் போறேன். அடைப்பு மடம்.” உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. கடிதம் போடலாம், மடத்துத் தலைவியான மதர் வாசித்த பிறகு கையில் கிடைக்கும்.

அவன் ஆண்டுக்கு இரண்டு எழுதினான்: கிறிஸ்துமஸ் முடிந்து ஒன்று, ஆகஸ்டில் அவள் பிறந்தநாளுக்கு ஒன்று. பதினைந்து நாளுக்குள் பதில் வந்துவிடும். மற்ற நாட்களில், வேலை முடிந்ததும் ஒரு பாட்டை ‘ரீட்’டில் போட்டுவிட்டு ஆறாம் ஃபேடரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றான்.

2012-இல் பாட்டுகளை மறுபடி வெளியிட நினைத்தபோது சிக்கல் வந்தது. துபாய்க்குப் போன சிஜோ அங்கே பெந்தகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டான். “மாதாவைக் கும்பிடாதவன் தொண்டை மாதா பாட்டில் வேண்டாம்,” என்றார் பங்குச்சாமியார். புதிதாக ஜெஃப்ரின் பாடினான். அவன் மூச்சு விடும் இடம் வேறு. ஷிபாவின் கை ஏறுகிற இடத்தில் அவன் மூச்சு கொல்லன் துருத்தி போலக் கேட்டது. ததேயுஸ் ‘டச்’சில் போட்டுத் திருத்தினான். அதில் விரல் இருக்கும் வரைதான் புதுப் போக்கு. விரலை எடுத்ததும் கட்டை பழைய வழிக்குத் திரும்பிவிடும். எடுத்த ஒவ்வொரு தடவையும் அவள் வழிக்கே போயிற்று.

கடைசியில், சிஜோ மூச்சு விட்ட இடத்திலேயே விடச் சொல்லி ஜெஃப்ரினைக் கேட்டான்.

“துபாய்க்குப் போனவன் மூச்சு விட்ட எடத்துல நானும் விடணுமாக்கும்? எனக்க நெஞ்சு என்ன அவனுக்க நெஞ்சா?”

“முயற்சி பண்ணு மக்கா.”

“பாடுனதுக்குக் காசு தருவீரு. மூச்சு முட்டிச் செத்தா பெட்டிக்கு ஆரு தருவா?”

நாலாவது பாட்டு மட்டும் ஒருவழியாகப் பொருந்தியது. மற்ற ஏழும் பொருந்தவில்லை. ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறுக்கு முன்பு பாட்டுகள் சி.டி. அச்சுக்குப் போயாக வேண்டும். 5.3.2012 அன்று ததேயுஸ் மடத்துக்கு எழுதினான்: “உன் கை பதிந்ததை அழிக்க வேண்டி வரும்போலிருக்கிறது. அழிக்கவா?”

இருபத்தைந்து நாள் பார்த்தான். பதில் இல்லை. பதில் சொல்லாமலிருப்பதே அவள் பதில் என்று எடுத்துக்கொண்டான். 30.3.2012, வெள்ளிக்கிழமை, ஆறாம் ஃபேடரை ‘ரைட்’டில் போட்டு எட்டையும் தன் கையால் தள்ளி முடித்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று நாலாவதையும் அழித்தான். பிரதி எடுத்தால் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று அதுவும் எடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் அடைப்பு மடத்துக்குள் கடிதம் போகாது, வராது. விபூதிப் புதன் தொட்டு மீனைக்கூடத் தொடாதவனுக்கு இது தோன்றாமல் போயிற்று. ஈஸ்டருக்கு மறுநாள்தான் மதர் கடிதத்தைக் கொடுத்திருக்கிறார். அன்றே ஷிபா எழுதியிருந்தாள்:

“எட்டையும் வைக்க முடியாதென்று தெரியும். ஒன்றையாவது அழிக்காமல் வையுங்கள். வெளியே எனக்கென்று இருப்பது அது மட்டும்தான். அடுத்த மாதம் எனக்கு இறுதி வார்த்தைப்பாடு, இனி ஆயுளுக்கும் இங்கேதான். அதன்பின் வீட்டுக்கு மட்டுமே எழுதலாம்.”

கடிதம் தக்கலைக்கு வந்து சேர்ந்தது 12.4.2012, வியாழக்கிழமை.